ஒரு மருந்தின் பெயர் பத்திரமாக இருக்கிறது

என் தங்கையின் உடம்பைப் பற்றிய ஒரே ஒரு வார்த்தையை ஒரு பெரிய நிறுவனம் எத்தனை பத்திரமாக வைத்திருந்தது என்பது, அந்த வார்த்தை எங்களுக்குத் தேவைப்பட்ட அன்றுதான் தெரிந்தது. அதுவரை நாங்களும் எல்லாரையும் போல அலட்சியமாகத்தான் வாழ்ந்து கொண்டிருந்தோம்.

அந்த வார்த்தை ஒரு மருந்தின் பெயர். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் பித்தப்பையை எடுப்பதற்காக அவளுக்கு மயக்க ஊசி போட்டார்கள். போட்ட மருந்து அவளுக்கு ஆகவில்லை. இதயம் இரண்டு நிமிஷம் நின்றுவிட்டது. பிறகு என்ன நினைத்துக்கொண்டதோ, மறுபடி ஓட ஆரம்பித்தது. டாக்டர் வேர்த்து விறுவிறுத்து வெளியே வந்து அவள் புருஷனிடம், "இந்த மருந்தை இவங்களுக்கு ஆயுசுக்கும் போடக் கூடாது. பேரை எழுதி வெச்சுக்கோங்க" என்றார். என் மாப்பிள்ளை உடனே உள்ளங்கையில் எழுதிக்கொண்டார். அவர் தொழில் குழாய் ரிப்பேர். அந்தக் கையில் எழுத்து எத்தனை நேரம் நிற்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

"போனா போகுது, ஆஸ்பத்திரி ஃபைல்ல இருக்கே" என்று விட்டுவிட்டோம். ஃபைலில் இருந்தது. இன்றைக்கும் இருக்கிறது. அதில் எந்தக் குறையும் சொல்ல முடியாது.

தங்கை பள்ளிக்கூடச் சீருடைகளுக்குக் காஜா போடுகிறவள். இந்த வருஷம் திடீரென்று ஊசி இரண்டாகத் தெரிய ஆரம்பித்தது. "ரெண்டு ஊசி தெரியுது அண்ணே, ஆனா ஒரு ஊசிக்குத்தான் கூலி குடுக்கிறான்" என்று சிரித்தாள். படம் எடுத்துப் பார்த்தால் இடது கண்ணுக்குப் பின்னால் மிளகு அளவுக்கு ஒரு கட்டி. கண் டாக்டரம்மா நல்ல மனுஷி. "மூணு வாரத்துக்குள்ள எடுத்துட்டா கண்ணு தப்பிச்சிரும்" என்று அடித்துச் சொன்னார். மயக்க மருந்து டாக்டர் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"எந்த மருந்துன்னு தெரியாம நான் ஊசியைத் தொட மாட்டேன்."

"கொஞ்சமா போட்டு சோதிச்சுப் பாருங்களேன் டாக்டர்" என்றார் மாப்பிள்ளை.

"கொஞ்சமா போட்டு, கொஞ்சமா இதயம் நின்னா?"

நியாயமான கேள்வி. பழைய ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். அங்கே ஜன்னலுக்குப் பின்னால் இருந்த குமாஸ்தா தலையைத் தூக்காமல் சொன்னார்: "எல்லா ஆஸ்பத்திரி ஃபைலும் தகவல் பாதுகாப்புத் தலைமையகத்துக்குப் போயாச்சு."

"காகிதம்?"

"பாதுகாப்புக்காக எரிச்சாச்சு."

"ஊசி போட்ட டாக்டர்?"

"அவரையும் எரிச்சாச்சு. போன வருஷம்."

தலைமையகம் எட்டு மாடிக் கண்ணாடிக் கட்டடம். நான் ரயில்வேயில் முப்பத்து நாலு வருஷம் டிக்கெட் பரிசோதகராக இருந்தவன். வாசலில் நின்று மனிதர்களைத் தடுப்பது என்பது என் ரத்தத்தில் ஊறிய விஷயம். ஆகவே அந்த வாசலை மரியாதையோடு பார்த்தேன். ஏழு இடத்தில் சோதனை. பெல்ட்டைக் கழற்றச் சொன்னார்கள், செருப்பைத் தட்டிப் பார்த்தார்கள், மாப்பிள்ளையின் ஸ்பானரைப் பிடுங்கிக்கொண்டு ரசீது கொடுத்தார்கள். என் பல் செட்டைக் கழற்றச் சொல்லி, உள்ளே டார்ச் அடித்துப் பார்த்து, நன்றி சொன்னார்கள்.

ஏழாவது சோதனை முடிந்ததும் கழிப்பறை எங்கே என்று கேட்டேன். வெளியே போய்ப் பின்பக்கமாக வரச் சொன்னார்கள். போனோம். பின்பக்கம் கேட் அகலமாகத் திறந்து கிடந்தது. கேட்டருகே ஒரு நாய் தூங்கிக்கொண்டிருந்தது. பழைய சாமான் வியாபாரியின் லாரி ஒன்று நின்றது. 'ரகசியம்' என்று சிவப்பு முத்திரை குத்திய பழைய கணினிகளை அதில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

"அண்ணே, ஒரு கை பிடிங்க" என்றான் லாரிக்காரன்.

மாப்பிள்ளை யாருக்கும் முடியாது என்று சொல்லத் தெரியாதவர். ஒரு பெட்டியைத் தூக்கி லாரியில் வைத்தார். பக்கத்தில் பீடி குடித்துக்கொண்டிருந்த காவலாளியிடம் நான் சும்மா இருக்காமல் கேட்டேன்: "உள்ள இருக்கிறதெல்லாம் அழிச்சிட்டீங்களா?"

"எதுக்கு அழிக்கணும்? அனுமதி இல்லாம ஒருத்தனும் திறக்க முடியாது" என்றார் அவர்.

நானும் ஸ்டேஷன் வாசலில் அப்படித்தான் நிமிர்ந்து நிற்பேன். பிளாட்பாரத்தின் அந்தக் கோடியில் வேலி பத்தடிக்கு உடைந்து கிடக்கும். அது என் வேலை இல்லை.

அனுமதிப் பிரிவு தரைத்தளத்தில் இருந்தது. பெரிய மேஜை. மேஜைக்கு முன்னால் மெத்தை போட்ட நாற்காலி ஒன்று. அதில் 'உரிமையாளர்' என்று எழுதியிருந்தது. பக்கத்தில் மர பெஞ்சு, அதில் 'குழு'. அதற்கும் அப்பால் வெறும் தரையில் ஒரு கால் மிதியடி. அதில் 'மற்றவர்'. தங்கை மெத்தை நாற்காலியில் உட்காரப் போனாள்.

"எழுந்திருங்கம்மா!" என்று பதறினார் அனுமதி அதிகாரி. கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, திரையில் எதையோ தேடினார். "ஃபைல் இருக்கு. உரிமையாளர் நீங்க இல்ல."

"எனக்குத்தானே சார் ஆபரேஷன் ஆச்சு?"

"உடம்பு உங்களோடது. ஃபைல் உங்களோடது இல்ல. ஃபைலை யார் உண்டாக்கினாங்களோ அவங்கதான் உரிமையாளர். உங்க ஃபைலை உண்டாக்கினது, அதைத் தட்டச்சு செஞ்ச டைப்பிஸ்ட்."

"நான் யாரு?"

அவர் மிதியடியைக் காட்டினார்.

தங்கை மிதியடியில் நின்றாள். மாப்பிள்ளைக்கு அதிலும் இடம் இல்லாததால் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அதிகாரிக்கு எங்கள் அறியாமையின் மேல் இரக்கம் வந்துவிட்டது.

"உலகத்துல மூணே ஜாதி. உரிமையாளர், குழு, மற்றவர். ஒவ்வொருத்தருக்கும் மூணு கேள்வி. படிக்கலாமா, எழுதலாமா, புரோகிராமா ஓட்டலாமா. இதைத் தாண்டி பாதுகாப்புன்னு ஒண்ணு கிடையாது. எட்டாவது மாடியில சில பேர் இருக்காங்க. எழுத்தைக் குழப்பி வெச்சுட்டு அதுக்குப் பேரு பாதுகாப்புங்கிறாங்க. நான் கேக்கிறேன், வீட்டுக்கு வாட்ச்மேன் போடுவீங்களா, இல்ல வீட்டையே இடிச்சு செங்கல்லைக் கலைச்சு வெப்பீங்களா?"

"மருந்து பேரை எதுக்கு சார் ஓட்டணும்?" என்று கேட்டார் மாப்பிள்ளை. அவருக்கு அந்த இடத்திலேயே சிக்கிக்கொண்டது.

"ஓட்டத் தேவையில்ல. ஆனா அனுமதி இருக்கணும்."

"சரிங்க. அந்த டைப்பிஸ்ட் கிட்ட கேட்டு வாங்கிக்கிறோம். எங்க இருக்கார்?"

"இறந்துட்டார். நாலு வருஷம் ஆச்சு." அதிகாரி எழுந்து நின்றார். "ஆள் இறக்கலாம். உரிமை இறக்காது. வாரிசுக்குப் போகும்."

டைப்பிஸ்டின் மனைவி இரண்டு தெரு தள்ளி இஸ்திரிக் கடை வைத்திருந்தார். விஷயத்தைச் சொன்னோம். இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார்.

"எத்தனை ஃபைல்?"

"நாப்பத்தோராயிரம்னு சொல்றாங்கம்மா."

"ஒரு சைக்கிளைக்கூட விட்டுட்டுப் போகலையே இந்த மனுஷன்னு இத்தனை நாள் திட்டிட்டிருந்தேன்" என்றார். "பாருங்க, மறைச்சு வெச்சிருக்கார்."

வாரிசுச் சான்றிதழ் வாங்கப் பதினோரு நாள் ஆனது. அந்த அம்மா கடையை மூடிவிட்டு எங்களோடு அலைந்தார். எந்த லாபமும் இல்லை அவருக்கு. பன்னிரண்டாம் நாள் மெத்தை நாற்காலியில் உட்காரவைத்தார்கள். உட்கார்ந்ததும், "நல்லாத்தான் இருக்கு" என்று ஒரு தடவை எழும்பி உட்கார்ந்து பார்த்தார். பிறகு, என் தங்கை தன் ஃபைலைப் படிக்கலாம் என்று கையெழுத்துப் போட்டார். எழுத முடியாது, ஓட்ட முடியாது, படிக்க மட்டும். படிப்பதற்கான நேரம் ஆறு நாள் கழித்து, பதினைந்து நிமிஷம் என்று ஒதுக்கினார்கள்.

பதினெட்டாம் நாள். தங்கைக்கு இடது கண்ணில் ஓரமெல்லாம் இருட்டிக்கொண்டு வந்திருந்தது. ஒரு சின்ன அறையில் திரைக்கு முன்னால் உட்கார்ந்தோம். ஒரு பெண் நிறுத்துக்கடிகாரத்தை அழுத்தினாள். ஃபைல் திறந்தது.

திரை முழுக்க எழுத்து. ஒரு எழுத்துக்கும் அடுத்த எழுத்துக்கும் பேச்சுவார்த்தை இல்லை. பூச்சி விழுந்து கிடப்பது போல எண்ணும் குறியும் கோடும் கொட்டிக் கிடந்தன.

"என்னங்க இது, எனக்குத்தான் இப்படித் தெரியுதா?" என்றாள் தங்கை பயந்துபோய்.

"எனக்கும் அப்படித்தான் தெரியுது" என்றார் மாப்பிள்ளை.

அனுமதி அதிகாரியை ஓடிப்போய் அழைத்து வந்தேன். அவர் எட்டிப் பார்த்தார். "ஆமா. எட்டாவது மாடி ஆளுங்க பூட்டியிருக்காங்க."

"அப்ப எப்படி சார் படிக்கிறது?"

"படிக்க அனுமதி குடுத்தாச்சு. புரிஞ்சுக்கிறதுக்கு அனுமதி எங்க பிரிவுல தர்றதில்ல." கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "ஒன்பது நிமிஷம் இருக்கு. வீணாக்காதீங்க."

வேறு என்ன செய்வது? ஒன்பது நிமிஷமும் படித்தோம். மாப்பிள்ளை முடிந்தவரை நோட்டில் எழுதிக்கொண்டார். கடைசியில், 'திருப்தியாகப் படித்தேன்' என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள்.

எட்டாவது மாடிக்கு லிஃப்ட் போகாது. எழுத்தைக் குழப்பிப் பூட்டுகிற மறையாக்கப் பிரிவுக்காரர்கள் போகும் லிஃப்டுக்கு அனுமதிப் பிரிவு அனுமதி தரவில்லை. படியேறினோம். மேலே போய் எந்தக் கதவு என்று தெரியவில்லை. ஒரு கதவில் பலகை இருந்தது. அதில் 'ணௌழ்த 7ஙிக்# பறூ' என்று எழுதியிருந்தது. பாதுகாப்புக்காகப் பலகையையும் பூட்டிவிட்டார்கள் என்று பிற்பாடு தெரிந்தது.

மறையாக்க இயக்குநர் இளவயசுக்காரர், உற்சாகமான மனுஷர். அவர் முதுகுக்குப் பின்னால் ஒரு பெரிய கேடயம். 'ஒரு தகவலும் வெளியே போகாத ஆண்டு' என்று பொறித்திருந்தது.

"கீழ போய்ட்டு வந்தீங்களா?" என்று சிரித்தார். "அனுமதின்னா என்ன தெரியுமா தாத்தா? வாசல்ல நிக்கிற ஒரு வாட்ச்மேன். கணினி ஓடிட்டு இருக்கிறவரைக்கும்தான் அவன் நிப்பான். ஒருத்தன் டிஸ்க்கைக் கழட்டி எடுத்துட்டுப் போய் வேற மெஷின்ல மாட்டினா? வாட்ச்மேன் பழைய வாசல்லேயே நிப்பான். சாமான் போயிருக்கும். இன்னொண்ணு, பெரிய அதிகாரி வந்தா அவனே எழுந்து சலாம் போட்டுக் கதவைத் திறந்து விடுவான். எங்களது அப்படியில்ல. நாங்க எழுத்தையே மாத்திடுவோம். திருடன் தூக்கிட்டே போகட்டும். என்ன படிப்பான்?"

உண்மையைச் சொன்னால் அவர் பேச்சு எனக்குப் பிடித்துத்தான் இருந்தது. ஏன் பிடித்தது என்றால் அது சரியாக இருந்தது. இந்தக் கட்டடத்தில் எல்லாரும் சரியாகத்தான் பேசினார்கள்.

"இதைத் திறக்கணும் சார்" என்று மாப்பிள்ளை நோட்டை நீட்டினார். "ஒரு மருந்து பேரு மட்டும் போதும்."

"திறக்கணும்னா சாவி வேணும்."

"சாவி இருக்குங்களா?"

"ஓ, இருக்கே. ரொம்பப் பத்திரமா இருக்கு."

"எங்க சார்?"

"உள்ள."

"எதுக்குள்ள?"

இயக்குநர் நாற்காலியைக் கொஞ்சம் ஆட்டினார். "போன வருஷம் 'முழுப் பூட்டு நாள்'னு கொண்டாடினோம். பெரிய விழா. ஒரே பொத்தான், ஒரே அமுக்கு, இந்தக் கட்டடத்துல இருக்கிற அத்தனை ஃபைலும் பூட்டிக்கிச்சு. ஒண்ணைக்கூட விடல. சாவியும் ஒரு ஃபைல்தானே?"

குழாய்க்காரர்தான் முதலில் புரிந்துகொண்டார்.

"சாவியையும் சேர்த்து உள்ள வெச்சுப் பூட்டிட்டீங்க."

"பூட்டினோம்னு சொல்லாதீங்க. அதுக்கும் பாரபட்சம் இல்லாம பாதுகாப்புக் குடுத்தோம்."

"நகல் ஒண்ணு வெச்சிருப்பீங்களே?"

"நகல் வெச்சா அது பாதுகாப்பா?" அவர் உண்மையாகவே திடுக்கிட்டார்.

"உடைச்சுத் திறக்க முடியாதா?"

"முடியும்!" அவர் முகம் மலர்ந்தது. "உலகத்துல இருக்கிற எல்லாக் கணினியையும் ஒண்ணா சேர்த்து உட்கார வெச்சா முடியும். ஆனா அதுக்குள்ள சூரியன் அணைஞ்சிடும்."

"டாக்டரம்மா மூணு வாரம்னு சொன்னாங்க" என்றாள் தங்கை.

அவர் குரலைத் தாழ்த்தி, கேடயத்தைக் காட்டிச் சொன்னார்: "அம்மா, எங்களாலேயே திறக்க முடியலைங்கிறதுதான் எங்க சாதனை. உலகத்துல இந்த மாதிரி வேற எங்கேயும் கிடையாது. நீங்க இதுல பெருமைப்படணும். உங்க மருந்து பேரு யாருக்கும் தெரியாது."

மூன்று வாரம் முடிந்தது. டாக்டரம்மா எங்கள் முகத்தைப் பார்க்காமல், "இன்னும் முயற்சி பண்ணுங்க" என்றார்.

முயற்சி செய்தோம். மனு மேல் மனு. கடைசியில் தலைமையகம் மனமிரங்கி, எங்கள் விஷயத்தை முன்வைத்து ஒரு நாள் கருத்தரங்கு நடத்தியது. 'தகவலைக் காப்பது அனுமதியா, மறையாக்கமா?' என்பது தலைப்பு. பெரிய மண்டபம், குளிர்சாதனம். முன்வரிசையில் 'பாதிக்கப்பட்டவர்' என்று அட்டை தொங்கிய நாற்காலியில் தங்கையை உட்காரவைத்தார்கள்.

அனுமதி அதிகாரி பேசினார்: "மறையாக்கம் மட்டும் இருந்தா, எவன் வேணும்னாலும் ஃபைலை அழிச்சிட்டுப் போகலாம். பூட்டின பெட்டியைக் கிணத்துல தூக்கிப் போட்டா பூட்டு என்ன பண்ணும்?" கைதட்டல்.

இயக்குநர் பேசினார்: "அனுமதி மட்டும் இருந்தா, பெட்டியைத் தூக்கிட்டுப் போறவன் கிட்ட அனுமதிச் சீட்டு கேட்டுட்டு நிக்க வேண்டியதுதான்!" அதற்கும் கைதட்டல்.

தலைவர் எழுந்து, இரண்டும் வேண்டும், இரண்டும் ஒன்றையொன்று தழுவி நிற்க வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னார். இதைச் சொல்ல அவருக்கு ஒன்றே கால் மணி நேரம் பிடித்தது. பிறகு, பொதுமக்கள் தரப்பில் யாராவது கேள்வி கேட்கலாம் என்றார்கள். மாப்பிள்ளை எழுந்தார். ஒலிவாங்கியைக் குழாய் பிடிப்பது போல இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"நான் குழாய்க்காரன். எனக்கு இந்தப் படிப்பெல்லாம் தெரியாது. ஆனா எங்க தொழில்ல ஒண்ணு உண்டு. வீட்டுக்காரன் திறக்கணும்னுதான் குழாய் வெக்கிறோம். அவன் திறந்தா வரணும், மத்தவன் திறந்தா வரக் கூடாது. நீங்க ரெண்டு பேரும் மூடுறதைப் பத்தியே காலையிலேருந்து பேசுறீங்க. திறக்கிறதுக்கு இங்க எந்த மாடி?"

தலைவர் குறித்துக்கொண்டார். "நல்ல கேள்வி. அடுத்த வருஷத் தலைப்பா வெச்சுக்கலாம்" என்றார். மதியச் சாப்பாடு தயார் என்று அறிவித்தார்கள்.

நாற்பத்தேழாம் நாள் காலையில் தொலைபேசி அடித்தது. தங்கை எடுத்து, காதில் வைத்துக் கேட்டு, என்னிடம் நீட்டினாள். நான் எல்லாரும் கேட்கும்படி சத்தத்தைக் கூட்டி வைத்தேன்.

"வணக்கம்மா, நல்லா இருக்கீங்களா?" ஒரு பையன் குரல், வெல்லப்பாகு. "பித்தப்பை எடுத்து ஒன்பது வருஷம் ஆச்சு இல்லீங்களாம்மா? பித்தப்பை இல்லாதவங்களுக்குன்னே ஒரு டானிக் வந்திருக்கு. ஜீரணத்துக்கு நல்லது."

"உங்களுக்கு எப்படித் தம்பி தெரியும்?" என்றேன்.

"உங்க முழு ஃபைலும் நம்ம கிட்ட இருக்குங்க சார். பழைய டிஸ்க்கு மொத்தமா ஒரு லாரி வாங்கினோம். தெளிவா இருக்கு. ஒரு பூட்டு கிடையாது, ஒண்ணு கிடையாது."

முழுப் பூட்டு நாளுக்கு முன்னால் இருந்த கணினிகள். வாட்ச்மேனைத் தலைமையகத்திலேயே விட்டுவிட்டு சாமான் மட்டும் வெளியே வந்திருக்கிறது. நான் மாப்பிள்ளையைப் பார்த்தேன். அவர் தன் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் தூக்கி வைத்தது அந்தப் பெட்டியாகத்தான் இருக்க வேண்டும் என்று அவசியமில்லை. அறுபது பெட்டி இருந்தது. ஆனாலும் அவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"தம்பி" என்றேன், "அதுல மயக்க ஊசி பத்தி ஏதாவது போட்டிருக்கா பாரேன்."

"ஒரு நிமிஷம் சார். பக்கம் நாலு... இருக்கு. 'நோயாளிக்கு ஒவ்வாத மருந்து'ன்னு சிவப்புல போட்டிருக்கு. எழுத்து எழுத்தா சொல்லட்டுமா? பேனா இருக்கா சார்?"

சொன்னான். மூன்று தடவை சொன்னான். சரியாக எழுதியிருக்கிறோமா என்று திரும்பப் படிக்கச் சொல்லிச் சரிபார்த்தான். தலைமையகத்தில் ஒருவரும் எங்களுக்கு இவ்வளவு மரியாதை செய்யவில்லை. டானிக் இரண்டு பாட்டில் வாங்கிக்கொண்டோம்.

அந்தப் பெயரை நான் இங்கே எழுத முடியாது. ஏன் என்று சொல்கிறேன்.

மறுநாளே அறுவை நடந்தது. மயக்க மருந்து டாக்டர் வேறு மருந்து போட்டார். இதயம் ஒரு நொடிகூட நிற்கவில்லை. கட்டி முழுசாக வந்துவிட்டது. கட்டு அவிழ்த்த அன்று டாக்டரம்மா இடது கண்ணுக்கு முன்னால் விளக்கைப் பிடித்து, "தெரியுதாம்மா?" என்றார்.

"என்னது?" என்றாள் தங்கை.

டாக்டரம்மா விளக்கை அணைத்தார். "மூணு வாரத்துல வந்திருந்தா..." என்று ஆரம்பித்து, முடிக்காமல் வெளியே போய்விட்டார்.

அதற்கு அடுத்த வாரம், ஆபரேஷன் நடந்துவிட்டது என்று கேள்விப்பட்டு, தலைமையகத்திலிருந்து நான்கு பேர் வீட்டுக்கு வந்தார்கள். பாதுகாக்கப்பட்ட தகவல் ஒன்றைச் சட்டவிரோதமாக அறிந்துகொண்டது என்பது குற்றச்சாட்டு. அனுமதி அதிகாரியே நேரில் வந்திருந்தார். தலையணையைப் பிரித்துப் பார்த்தார்கள். தையல் பெட்டியைக் கவிழ்த்தார்கள். நாங்கள் பெயர் எழுதிவைத்திருந்த காகிதத்தைக் கண்டுபிடித்து, படிக்காமல் மடித்து, உறையில் போட்டு அரக்கு வைத்தார்கள்.

"இப்ப நீங்க அந்தப் பேரைச் சொல்லணும்" என்றார் அதிகாரி. "ஃபைல்ல இருக்கிற பேரும் அதுவும் ஒண்ணுதானான்னு பார்த்தாத்தான் குற்றம் உறுதியாகும்."

"ஃபைலைத் திறந்து பாத்துக்கோங்க சார்" என்றார் மாப்பிள்ளை.

அதிகாரி தொண்டையைக் கனைத்துக்கொண்டார். நெடுநேர ஆலோசனைக்குப் பிறகு, குற்றத்தை நிரூபிக்க வழியில்லாததால் கருணை காட்டினார்கள். நாங்கள் மூன்று பேரும் அந்தப் பெயரை மறந்துவிட்டோம் என்று உறுதிமொழி எழுதிக் கையெழுத்திட வேண்டும். இனி எங்கேயாவது எழுதினாலோ சொன்னாலோ, சிறை. கையெழுத்திட்டோம். தங்கை கையெழுத்திடப் பேனாவைக் காகிதத்துக்கு அரை அங்குலம் தள்ளி, மேஜையில் வைத்தாள். ஒற்றைக் கண்ணுக்குத் தூரம் பிடிபடுவதில்லை. அதிகாரி காகிதத்தை நகர்த்திப் பேனாவுக்கு அடியில் வைத்தார். கடமையில் அவர் குறை வைக்கவில்லை.

இஸ்திரிக்கடை அம்மாவையும் விடவில்லை. நாற்பத்தோராயிரம் ஃபைலின் உரிமையாளர் என்ற முறையில், அவற்றைக் கசியவிட்டதற்கு அவர் மேல்தான் வழக்கு. "சைக்கிளே விட்டுட்டுப் போயிருக்கலாம்" என்றார் என்னிடம்.

அதிகாரி கிளம்பும்போது வாசலில் நிறுத்திக் கேட்டேன். "இந்த ஆபரேஷன் ஃபைலும் உங்க கிட்டதானே வரும்? அதையாவது எங்களால பாக்க முடியுமா?"

"வந்தாச்சு. காத்திருப்புப் பெட்டியில இருக்கு."

"அது என்ன?"

"புது ஃபைலுக்கு முதல்ல நாங்க அனுமதி வெக்கணுமா, முதல்ல அவங்க பூட்டணுமான்னு இன்னும் முடிவாகல. குழு போட்டிருக்கோம். முடிவாகிறவரைக்கும் எல்லா ஃபைலும் அந்தப் பெட்டியில சும்மா இருக்கும்."

"சும்மான்னா, யார் வேணும்னாலும் பாக்கலாமா?"

"உங்களால முடியாது" என்றார் அவர், ஆறுதலாக.

தங்கைக்கு இப்போது காஜா வேலை இல்லை. பித்தான் தைக்கிறாள். நூலைக் கோத்துக் கொடுக்கிறது மாப்பிள்ளை. காலையில் வேலைக்குக் கிளம்புமுன் இருபது ஊசியில் நூல் கோத்து, ஒரு பழைய மெத்தைத் துண்டில் வரிசையாகக் குத்திவைத்துவிட்டுப் போவார். இருபதும் தீர்ந்தால், அவர் வரும்வரைக்கும் அவள் சும்மா உட்கார்ந்திருப்பாள். அப்படி ஒரு சாயங்காலம் நான் போயிருந்தபோது தொலைபேசி அடித்தது. சத்தத்தைக் கூட்டி வைத்து எடுத்தாள்.

"வணக்கம்மா! ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சதாமே. சந்தோஷம்மா. இடது கண்ணு போனதுதான் மனசுக்குக் கஷ்டமா இருக்கு. ஒரு கண்ணுக்கு மட்டும் கண்ணாடி போடுறவங்களுக்கு நம்ம கிட்ட பாதி விலைச் சலுகை இருக்கும்மா."

தொலைபேசியைப் பிடுங்கி, வாயில் வந்ததையெல்லாம் பேசக் கையை நீட்டினேன். தங்கை தலையசைத்து என்னை நிறுத்தினாள். மெத்தைத் துண்டில் ஒரு வெற்று ஊசியைக் குத்திவைத்துவிட்டு நிதானமாகக் கேட்டாள்.

"தம்பி, அந்தப் பழைய ஃபைலும் இன்னும் உங்க கிட்ட இருக்கா?"

"ரெண்டும் இருக்கும்மா. மூணு இடத்துல காப்பி வெச்சிருக்கோம்."

"பூட்டி வெச்சிருக்கீங்களா?"

"இல்லம்மா, அடிக்கடி எடுக்கிறது. பூட்டினா வேலை ஓடாது."

"நல்லது. பூட்டிடாதீங்க. எனக்கு ஏதாவது ஆகி ஆஸ்பத்திரியில கிடந்தா, இந்த நம்பருக்குத்தான் டாக்டர் கூப்பிடுவாங்க. எந்த நேரமானாலும் எடுக்கணும். என்ன?"

"கண்டிப்பாம்மா. அதுக்குத்தானே இருக்கோம்" என்றான் அவன். அந்தக் கட்டடத்தின் எட்டு மாடியிலும் நாங்கள் கேட்காத வார்த்தை அது.

வைத்துவிட்டு, என்னை ஒரு அட்டையும் பேனாவும் எடுக்கச் சொன்னாள். எண்ணைச் சுவரில் ஒட்ட வேண்டுமாம்.

"பெருசா எழுதுண்ணே. எனக்குத் தெரியணும்."

எழுதினேன். மேலே யார் பெயரைப் போடுவது என்று கேட்டேன். அவன் பெயர் எங்களுக்குத் தெரியாது.

அவள் ஒற்றைக் கண்ணால் அட்டையைப் பார்த்தாள்.

"தலைமையகம்னு போடு" என்றாள்.